விஸ்வநாதன் சாருக்கு ஒரு நகல்

போன வாரம் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவளாம். "அங்கிள், உங்க ஜர்னி பத்தி ஒரு சின்ன ரைட்டப் வேணும். இன்ஸ்பயரிங்கா இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். எனக்குத் தெரிந்த ஜர்னி தாராவியிலிருந்து செம்பூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனதுதான். அதனால் யாருக்கும் இன்ஸ்பிரேஷன் வந்து நான் பார்த்ததில்லை, கால்வலி வந்துதான் பார்த்திருக்கிறேன். தமிழில்தான் எழுதுவேன், படிப்பீர்களா என்று கேட்டேன். "டிரான்ஸ்லேட் போட்டுப் படிச்சுக்கிறோம் அங்கிள்" என்றாள். தமிழ் எழுத்துரு செய்து விற்கிற கம்பெனி அது.

இத்தனை நாள் இல்லாத அக்கறை இப்போது எதற்கு என்று விசாரித்தேன். புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார்களாம். எழுத்தை மெல்லிசாக ஒரு தடவை வரைந்து கொடுத்தால் தடித்ததை அதுவே வரைந்துவிடுமாம். "இனிமே ஹியூமன் எரருக்கு சான்ஸே இல்ல அங்கிள். அதனால பழைய காலத்துல எப்படி எரர் வந்துச்சுன்னு நீங்க எழுதினா ஃபன்னா இருக்கும்" என்றாள். பழைய காலமாம். நான் ஓய்வு பெற்று வீட்டில் பேப்பர் படிக்க ஆரம்பித்தே அதிக நாளாகவில்லை. சரி, ஃபன் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

என் பெயர் சுடலைமுத்து. ஆபீசில் அதைச் சொல்ல வாய் வராமல் முத்து ஆக்கிவிட்டார்கள். படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தாராவியில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிற கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்தக் கடையில் இருந்த எழுத்துருக்கள் எல்லாம் அரைகுறை. ஒன்றில் ஒரு எழுத்து இருக்காது, இன்னொன்றில் கொம்பு ஓர் ஊரிலும் கால் ஓர் ஊரிலும் நிற்கும். நானே வெட்டி ஒட்டிச் சரி செய்துகொள்வேன். அதைப் பார்த்த ஒருவர் செம்பூர் கம்பெனிக்குக் கூட்டிப்போய் விட்டார். அங்கே எழுத்தின் ஓரக்கோட்டை அவுட்லைன் என்பார்கள், அதைத் தாங்கி நிற்கிற புள்ளிகளை இழுத்து இழுத்து எழுத்தை வளைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். அதையே கடைசி வரை செய்தேன். இடையில் கம்பெனியின் பெயர் மாறியது, போர்டு மாறியது, காபி மெஷின் மாறியது. நான் புள்ளி இழுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் வேரியபிள் ஃபாண்ட் வந்தது. முன்பு ஓர் எழுத்துருவுக்கு மெல்லிசு, நடுத்தரம், தடிமன் என்று தனித்தனி ஃபைல். இப்போது எல்லாம் ஒரே ஃபைலில். நாம் இரண்டு முனைகளை மட்டும் வரைந்தால் போதும், ரொம்ப மெல்லிசு ஒன்று, ரொம்பத் தடிமன் ஒன்று. நடுவில் உள்ள கனங்களை சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு உண்டாக்கிக்கொள்ளும். திரையில் ஒரு ஸ்லைடர் இருக்கும். ஒரு பக்கம் இழுத்தால் எழுத்து இளைக்கும், மறுபக்கம் இழுத்தால் பருக்கும். மீட்டிங்குக்கு வருகிற பெரிய மனிதர்கள் அதைக் குழந்தை கிலுகிலுப்பையை ஆட்டுவதுபோல ஆட்டிப் பார்த்து, "வாவ்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டு முனையையும் பார்ப்பார்கள். நடுவில் நிறுத்திப் பார்த்த ஒருவரை நான் கண்டதில்லை.

வேலையே நடுவில்தான் இருக்கிறது. மெல்லிசில் ஒரு கோட்டுக்கு எத்தனை புள்ளியோ தடிமனிலும் அத்தனை இருக்க வேண்டும். வரிசையும் அதே வரிசை. கோடு எந்தப் புள்ளியில் தொடங்குகிறதோ அதுவும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தொடங்கும் இடத்தில் சாஃப்ட்வேர் ஒரு சின்ன அம்புக்குறி காட்டும். இந்த அம்புக்குறிதான் எல்லாம். சாஃப்ட்வேருக்கு 'ண' தெரியாது, 'ன' தெரியாது. இந்தப் பக்கத்து முதல் புள்ளியை அந்தப் பக்கத்து முதல் புள்ளியோடு ஜோடி சேர்க்கும், இரண்டாவதை இரண்டாவதோடு சேர்க்கும். ஜோடி மாறிவிட்டால் இரண்டு முனையிலும் எழுத்து லட்சணமாக நிற்கும், நடுவில் போனால் அலங்கோலமாகிவிடும். தமிழில் சுழி அதிகம் என்பதால் நாங்கள் முதலில் சுழிகளைத்தான் பார்ப்போம். அ, ஞ, ண, ன, ஒ என்று ஒவ்வொன்றாக ஸ்லைடரை நடுவில் நிறுத்தி, சுழிக்குள் இருக்கிற வெள்ளை வட்டம் வட்டமாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

நாங்கள் என்றால் நானும் நூர்ஜஹானும். அவளும் தாராவிதான். அவள் வாப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பை பட்டறை வைத்திருந்தவர். அவள் கைக்கு வருகிற வளைவு என் கைக்கு வராது, இதை நான் அவளிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் காண்ட்ராக்டில் இருந்தாள். வருடா வருடம் நீட்டிப்பார்கள், வருடா வருடம் "அடுத்த தடவை நிச்சயமா பர்மனென்ட்" என்பார்கள். அவள் கணவருக்கு மூச்சுக் கோளாறு. பட்டறை வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். சயான் முனிசிபல் ஆஸ்பத்திரி வரிசைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். பர்மனென்ட் ஆனால் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் கணவர் பெயரும் ஏறும். அதற்காகத்தான் அவள் அந்த ஆபீசைச் சகித்துக்கொண்டிருந்தாள், வேறு எதற்காகவும் இல்லை.

இனி விஸ்வநாதன் சார். தமிழ்ப் பிரிவுக்குத் தலைவர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழ் படிப்பது மட்டும் அவருக்கு ஆகாது. ஒரு வரியைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். வெளிநாட்டில் டிசைன் படித்தவர் என்பதால் யாரும் கேட்கவில்லை. மனிதர் கத்த மாட்டார், திட்ட மாட்டார். அதுதான் தொல்லை. நாற்காலிக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பார். மூச்சு நம் காதில் படும். பிறகு மோதிர விரலால் திரையைத் தொட்டு, "இந்த எடத்துல கொஞ்சம் உயிர் இல்லை, முத்து" என்பார். எந்த எழுத்தைக் காட்டினாலும் உயிர் இல்லை. எப்படிச் செய்தால் வரும் என்று கேட்டால், "ஃபீல் பண்ணுங்கோ" என்பார். எழுத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். நேராகத் தொங்கவிட்டிருந்தாலும் அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

அதோடு விட்டிருந்தால் பாவம் என்று விட்டிருப்போம். முடிந்த ஃபைலை அனுப்புவதற்கு முன்னால் அவர் கை பட வேண்டும். "ஒரு ஃபைனல் டச்" என்று சொல்லிக்கொண்டு மவுஸைப் பிடிப்பார். முதல் தடவை அவர் தொட்ட ஃபைலில் பாதி எழுத்துக்களைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு ஏற்பாடு செய்தேன். வேலை முடிந்ததும் ஒரு நகல் எடுத்து அவர் கணினியில் வைத்துவிடுவோம். கோயிலில் மூலவரைக் கிட்டே விடாமல் உற்சவரைத் தூக்கி வெளியே காட்டுவதில்லையா, அதே ஏற்பாடுதான். அவர் நகலைத் தொட்டுத் தடவித் திருப்தி அடைவார். நாங்கள் மூலத்தை அனுப்பிவிடுவோம். பல வருடம் இப்படியே நடந்தது. மீட்டிங்கில் திரையைக் காட்டி, "இந்த கர்வ் மட்டும் நான் போட்டது" என்பார். நூர் வரைந்த வளைவாக இருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டு பென்சிலைச் சீவுவாள். இதற்காக நான் வெட்கப்பட்டதும் கிடையாது, இப்போது வெட்கப்படுவதாகவும் இல்லை.

ஒரு பெரிய வங்கி அவர்கள் மொபைல் ஆப்புக்கென்று தனியாகத் தமிழ் எழுத்துரு கேட்டது. வேரியபிள்தான் வேண்டும் என்றார்கள். நூர் தலையில்தான் வேலை விழுந்தது. விஸ்வநாதன் சார் அவளைக் கூப்பிட்டு, "இது நல்லபடியா ரிலீஸ் ஆச்சுன்னா அடுத்த நாளே உனக்கு கன்ஃபர்மேஷன் லெட்டர், மை வேர்ட்" என்றார். அவர் வார்த்தையை நான் நம்பவில்லை. நூர் நம்பினாள். ராப்பகலாக அவள் மனதில் அந்த எழுத்துருதான். அவள் வரைந்த 'ஞ' ஒன்று போதும், நான் பார்த்ததிலேயே அழகான 'ஞ' அது.

இந்தச் சமயத்தில்தான் சாருக்கு வாஸ்து பிடித்தது. கம்பெனிக்கு வேலை வருவது குறைந்திருந்தது. முலுந்திலிருந்து ஒரு வாஸ்து பண்டிட்டை வரவழைத்தார். பண்டிட் வந்ததும் தண்ணீர் கேனை இடம் மாற்றினார். கிழக்கு ஜன்னலை எப்போதும் திறந்து வைக்கச் சொன்னார், நல்ல சக்தி உள்ளே வருமாம். வந்தது தேவ்நார் குப்பைமேட்டு வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்தோம். சார் மட்டும் கர்சீப்பில் ஏதோ சென்ட் போட்டுக்கொண்டு, "இட் டேக்ஸ் டைம்" என்றார்.

அதற்கும் வேலை வரவில்லை. அப்போது நூரின் திரையில் அந்த அம்புக்குறியைச் சார் முதல்முறையாகக் கவனித்தார். இத்தனை வருடமாக எழுத்துருத் துறையில் தலைவராக இருப்பவர்.

"இது என்ன ஆரோ?" என்றார்.

"கோடு இங்கேருந்துதான் சார் தொடங்குது" என்றாள் நூர்.

"தொடங்கறதுன்னா... வாசல் மாதிரியா?"

நூர் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அதற்குள் அவள், "அப்படியும் வச்சுக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் பண்டிட் திரும்ப வந்தார். எழுத்துக்கு வாஸ்து பார்க்க ஒரு மனிதன் முலுந்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கியதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். கையில் திசைகாட்டி. திரையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இஸ்மே உத்தர் கிதர் ஹை?" என்று கேட்டார். எழுத்தில் வடக்கு எங்கே என்கிறார். கடைசியில் மேல்பக்கம் வடக்கு, வலப்பக்கம் கிழக்கு என்று அவரே முடிவு செய்தார். வெளிக்கோடு தெரு மாதிரி, அதற்கு வாஸ்து தேவையில்லை. சுழிக்குள்ளே மூடிக்கிடக்கிற வெள்ளை வட்டம்தான் வீடு. வீட்டுக்கு வாசல் வடகிழக்கில் இருக்க வேண்டும், நீங்கள் எல்லாவற்றுக்கும் தென்மேற்கில் வைத்திருக்கிறீர்கள், பிறகு எப்படிக் காசு தங்கும் என்று கேட்டார். சார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவ்வளவு பவ்வியமாக அவர் எந்த எழுத்தையும் பார்த்ததில்லை.

வாசல்களைத் தானே மாற்றப் போவதாகச் சார் சொன்னார். எங்களுக்கென்ன, வழக்கம்போல நகலை எடுத்து அவர் கணினியில் வைத்தோம். கேபின் கதவைச் சாத்திக்கொண்டு, ஊதுபத்தி ஏற்றி வைத்து, ஒவ்வொரு சுழியாக அம்புக்குறியை வடகிழக்குக்கு இழுத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பேடா கொடுத்தார். நானும் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. மூலம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம்.

ஃபைலை அனுப்புவதற்கும் பண்டிட் ஒரு நல்ல நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார். அது ஆபீஸ் விடுமுறை நாளில் விழுந்தது. சார் வீட்டில் குளித்து விளக்கேற்றிவிட்டு, கையோடு எடுத்துப் போயிருந்த தன் கணினியிலிருந்து ஃபைலைத் தானே வங்கிக்கு அனுப்பிவிட்டார். எங்களுக்குத் தெரியாது. மறுநாள் ஆபீசுக்குப் போனால், "ஐ ஹவ் டன் தி ஆனர்ஸ்" என்றார். நான் நூர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதாவது சொல்லித் திரும்ப அனுப்பலாம் என்றால் என்ன சொல்வது? சார், உங்களிடம் இருந்தது விளையாட்டுச் சாமான், நிஜம் எங்களிடம் இருக்கிறது என்றா? ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்து ஃபைலைத் திறந்து பார்ப்பதற்குள் வங்கி ஆப்பில் ஏற்றிவிட்டது.

நூர் தன் போனில் ஆப்பைத் திறந்து என்னிடம் நீட்டினாள். முதல் பக்கத்தில் 'வணக்கம்' என்று இருந்தது.

"அண்ணாச்சி, இங்க பாருங்க. இது நான் வரஞ்ச 'ண' இல்ல" என்றாள்.

ஆப்பில் நடுத்தரக் கனம். சுழிகளெல்லாம் சுருங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொசுவை அடித்து ஒட்டியதுபோல இருந்தன. தலைப்பில் வந்த தடித்த எழுத்தில் ஒரு குறையும் இல்லை. அடியில் இருந்த மெல்லிய எழுத்திலும் ஒரு குறையும் இல்லை. நடுவில் இருந்த அத்தனையும் கறுத்துப்போய்க் கிடந்தது.

காரணம் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. சாரின் ஃபைலைத் திறந்தோம். அவர் மெல்லிசிலும் தடிமனிலும் தனித்தனியாக வடகிழக்குப் பார்த்திருக்கிறார். மெல்லிசில் சுழி அகலமானது. அங்கே வடகிழக்குக்குக் கிட்ட இருப்பது வலப்பக்கத்துப் புள்ளி. தடிமனில் கோடு இரண்டு பக்கமும் பருத்து உள்வட்டத்தை நெருக்கிவிடும், வட்டம் ஒல்லியாக நெட்டையாக நிற்கும். அங்கே கிட்ட இருப்பது மேல்புள்ளி. இங்கே ஒரு வாசல், அங்கே வேறு வாசல். இரண்டு வட்டத்துக்கும் நாலே புள்ளி, எல்லாம் ஒரே ஜாதிப் புள்ளி. எண்ணிக்கை சரியாக இருந்ததால் சாஃப்ட்வேர் வாயைத் திறக்கவில்லை. வலதை மேலோடும், மேலை இடதோடும் ஜோடி சேர்த்தது. நடுவில் வட்டம் சுருங்கித் திரும்பிவிட்டது. அதற்கு அது என்ன செய்யும் பாவம், அதற்கு வாஸ்து சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

வங்கியிலிருந்து ஒரு மராட்டி அம்மாள் வந்தார். மீட்டிங் போட்டார்கள். விஸ்வநாதன் சார் அந்த மென்மையான குரலில், "நூர்ஜஹானோட அவுட்லைன்ல ஏதோ கான்சப்சுவல் இஷ்யூ இருக்கு" என்று ஆரம்பித்தார். எனக்கு மண்டைக்குள் சுர்ரென்றது. அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போய் மவுஸைப் பிடித்தேன்.

வங்கிக்குப் போன ஃபைலைத் திறந்தேன். மெல்லிசு, நன்றாக இருந்தது. தடிமன், நன்றாக இருந்தது. ஸ்லைடரை நடுவில் நிறுத்தினேன், எல்லோரும் பார்த்தார்கள். அம்புக்குறிகளைக் காட்டினேன். வங்கி அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, விஷயம் உடனே புரிந்துவிட்டது. பிறகு எங்கள் ஃபைலைத் திறந்து அதே நடுவில் நிறுத்தினேன். சுழி வட்டமாக, வெள்ளையாக, கண்ணைத் திறந்துகொண்டு இருந்தது. அந்த அம்மாள், "தோ யஹி பேஜோ நா, ஆஜ் ஷாம் தக்" என்றார். இதையே சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடுங்கள் என்று சொல்லி டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டார். அவருக்கு வேண்டியது ஃபைல். எங்கள் நியாயம் அவருக்கு எதற்கு?

கதவு சாத்தியதும் சார் கேட்டார். "முத்து, ரெண்டு ஃபைல் ஏன் இருக்கு?"

நான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். எத்தனை வருடமாக, எந்தெந்த எழுத்துருவில், அவர் தொட்டது எங்கே போனது என்று ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது வாய்க்கு ருசியாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். நூர் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் நிறுத்தவில்லை.

அவர் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். "அப்போ நான் போட்டதெல்லாம்... எதுவுமே எங்கயும் போகலையா?" என்றார். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. ஒரு நிமிடம் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த ஒரு நிமிடம்தான்.

அந்த வாரமே நூரின் காண்ட்ராக்ட் நீட்டிக்கப்படாது என்று சொல்லிவிட்டார்கள். நம்பிக்கை மோசடியாம். நான் நேரே அவர் கேபினுக்குப் போனேன்.

"நகல் எடுக்க ஆரம்பிச்சது நான் சார். அவ இல்ல" என்றேன்.

"தெரியும் முத்து. நீங்கோ பர்மனென்ட். ரிட்டயர்மென்ட் வேற கிட்ட வந்துடுத்து. ஹெச்.ஆர். உங்களைத் தொடாதேங்கறா" என்றார். "யாரையாவது ஏதாவது பண்ணித்தானே ஆகணும்?"

எவ்வளவு நேர்மையான பதில் பாருங்கள். எனக்கு வந்த கோபத்தில் திரும்பி வரும்போது தண்ணீர் கேனை உதைத்தேன். கால்தான் வலித்தது.

பஸ் ஸ்டாப்பில் நூர் என் பக்கம் திரும்பினாள்.

"ஸ்லைடர இழுத்துக் காமிச்சீங்க, சரி. நகல் கதைய எதுக்கு அண்ணாச்சி அவுத்து விட்டீங்க?"

"கேட்டாரு, உண்மையச் சொன்னேன் நூரு."

"ஒங்க உண்மைய அரச்சுக் குடுத்தா எங்க வீட்டு மாப்பிள்ளைக்கு மூச்சு வருமா? எனக்காகச் சொன்னீங்களா, ஒங்க வயித்தெரிச்சலுக்குச் சொன்னீங்களா?"

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறிப் பெண்கள் சீட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் சாரின் கேபினுக்குள் போனாள். நான் வெளியே புள்ளிகளை இழுப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் ஆயிற்று. அழுகிறாள் போலிருக்கிறது, கெஞ்சுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றுமில்லை. நேரே டீக்கடைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"பர்மனென்ட் பண்ணிட்டாரு" என்றாள்.

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"சார், அது நகல் இல்லைன்னு சொன்னேன். நான் உக்காருத எடம் தெக்க பாத்த எடம். தெக்க பாத்து உக்காந்து வரஞ்ச ஃபைல்ல ஒங்க கைய வைக்க விட எனக்கு மனசு வரல. அதான் ஒவ்வொரு தடவையும் ஒங்களுக்குன்னு சுத்தமா ஒண்ணு எடுத்து வச்சேன். ஒங்க கைபட்டது வீணா போகல சார், அதுதான் பத்திரமா இருக்கு, அண்ணாச்சிக்கு இது புரியலன்னு சொன்னேன்."

"அவரு நம்பினாராக்கும்?"

"கண்ணுல தண்ணி வந்துட்டு அவருக்கு" என்றாள். "தெக்குத் தோசந்தான் எப்பிடியோ அதுலயும் ஏறி சுழிய அமுக்கிட்டுன்னு அவரே கண்டுபுடிச்சிட்டாரு. பண்டிட்டுக்குப் போன் போட்டாரு. பண்டிட்டும் ஆமான்னுட்டாரு."

ஐந்து வேளை தொழுகிறவள். வாஸ்து என்றால் அவளுக்குச் சிரிப்பு வரும். எனக்கு ஆத்திரமாக வந்தது. பொய்யைச் சொல்லி வாங்கிய வேலை ஒரு வேலையா, அந்த ஆள் செய்த தப்பை அவருக்கே பிரசாதமாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாயே என்று கத்தினேன். டீக்கடைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"கத்தாதீங்க அண்ணாச்சி" என்றாள் அவள். "நீங்க உண்மைய காமிச்சீங்க. ரூம்ல இருந்த அம்புட்டுப் பேரும் பாத்தாங்க. பாத்துட்டு என்ன செஞ்சாங்க?"

நான் டீக்குக் காசு கொடுக்கப் போனேன். அவள் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டாள்.

கடிதம் வந்தது. காப்பீட்டு அட்டையில் கணவர் பெயரும் வந்தது. வரிசையில் நிற்காமல் அவரை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த அன்று, ஆபீசில் அவள் யாரிடமும் பேசாமல் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தாள். அவ்வளவு வருடத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கும். எரிச்சலாகவும் இருந்தது.

அதற்கடுத்த வாரம் சார் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மூச்சு காதில் பட்டது.

"முத்து, நூர்ஜஹானை இனிமே அந்த சவுத் ஃபேஸிங் சீட்ல உக்காத்தி வெக்க முடியாது. உங்க சீட்டுக்கு அவ வரட்டும்."

"சரி சார். அந்த சீட்ட எடுத்துருவோம்."

"எடுக்கப்படாது. காலியா இருந்தா இன்னும் தோஷமாம். யாராவது உக்காந்தே ஆகணும். நீங்க உக்காந்துக்கோங்கோ."

"நான் எதுக்கு சார்?"

"நீங்கதான் இதெல்லாம் நம்ப மாட்டேளே" என்றார், அதே மென்மையான குரலில். "உங்களை அது என்ன பண்ணும்?"

அந்த மனிதர் வாயிலிருந்து வந்த எந்தப் பேச்சிலும் நான் ஓட்டை கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. இதை எப்படித் திருப்பிப் பார்த்தும் ஓட்டை கிடைக்கவில்லை. தண்ணீர் பாட்டிலையும் மவுஸையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். ஓய்வு பெறும் நாள் வரை அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் தமிழுக்குச் சுழி போட்டேன்.